சங்கத்திற்கு வலையமைப்பு வாங்குமுன்

கூட்டுறவுச் சங்கத்தின் நடவடிக்கை முழுவதும் பேரேட்டிலும் ரசீதுப் புத்தகத்திலும் அடங்கியிருந்த காலம் மாறிவிட்டது. 2018ஆம் ஆண்டு முதல் மானிய உரம், விற்பனைக் கருவியில் விவரம் பதிந்த பின்னரே விவசாயியின் கைக்கு வருகிறது. 2020 அக்டோபர் முதல் நியாயவிலைக் கடைகளில் கைரேகைப் பதிவு நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூன் 29இல் மத்திய அமைச்சரவை, 2,516 கோடி ரூபாய்ச் செலவில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. சங்கங்களை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியோடும் மாநிலக் கூட்டுறவு வங்கியோடும் ஒரே மென்பொருளால் பிணைப்பது அதன் நோக்கம். ஆகவே கடனும் உரமும் அரிசியும் இன்று ஒரு தகவல் தொடர்பு இணைப்பை நம்பியே நிற்கின்றன எனலாம்.

அவ்விணைப்பு அறுந்தால் நேர்வது என்ன? மணிலா விதைப்புக்குப் பணம் வேண்டி நகையுடன் வரும் அங்கத்தினரிடம், “லைன் இல்லை, நாளை வாருங்கள்” என்று சொல்லப்படுகிறது. விதைப்பு நாளைக்கென்று காத்திராது. அவர் எதிர்த் தெருவிலுள்ள அடகுக் கடைக்குச் செல்கிறார். கூடுதல் வட்டிக்கு நகையை வைக்கிறார். இந்த நஷ்டம் சங்கத்தின் எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை. அங்கத்தினர் குடும்பத்தின் கணக்கில் மட்டுமே பதிவாகிறது. வலையமைப்பைத் தேர்ந்தெடுப்பது பொறியாளர்களின் வேலை என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாமைக்குக் காரணம் இதுவே.

அண்மைக் காலமாகக் கிளைகள் பல உடைய நிறுவனங்களுக்கு விற்பனையாளர்கள் கொண்டுவரும் சரக்கு ‘எஸ்.டி.-வான்’ என்பது. மென்பொருளால் ஆளப்படும் விரிபரப்பு வலையமைப்பு என்று அதனைத் தமிழில் கூறலாம். முன்பெல்லாம் தலைமை அலுவலகத்தையும் கிளையையும் இணைக்க ‘லீஸ்டு லைன்’ எனும் தனிக் குத்தகை இணைப்பைப் பெறுவர். அதன் மாத வாடகை அதிகம். ஒவ்வொரு கிளையிலும் உள்ள ரௌட்டர் கருவியைத் தனித்தனியே அமைக்கவும் வேண்டும். புதிய முறையிலோ சாதாரண பிராட்பேண்ட், செல்பேசி இணைப்பு, குத்தகை இணைப்பு ஆகியவற்றுள் எவை கிடைத்தாலும் அவற்றை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தலாம். கிளையில் வைக்கப்படும் பெட்டி ஒவ்வொரு தடத்திலும் ஏற்படும் தாமதத்தையும் இழப்பையும் இடைவிடாது அளக்கிறது. பணப் பரிமாற்றத்தை நல்ல தடத்திலும், கண்காணிப்புக் கேமராவின் படத்தை மற்றத் தடத்திலும் செலுத்துகிறது; ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்கு மாற்றுகிறது. இவற்றுக்கான விதிகள் யாவும் ஓரிடத்தில் எழுதப்பட்டு எல்லாக் கிளைகளுக்கும் செல்கின்றன. செய்திகள் சங்கேதமாக்கப்பட்டே பயணம் செய்கின்றன. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் லாரிக்காரர், நெடுஞ்சாலை அடைபட்டால் செஞ்சி வழியாகச் சுற்றிச் செல்வதைப் போன்றது இது.

முறை நல்லதே, அதில் ஐயமில்லை. ஆயின் யாருக்கு நல்லது என்பதை முதலில் ஆராய வேண்டும். ஒரே அலுவலகம் உடைய சிற்றூர்ச் சங்கத்திற்கு இப்பெட்டி தேவையில்லை. வெவ்வேறு வகையான இரண்டு இணைப்புகளும், ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குத் தானே மாறும் எளிய ரௌட்டரும், ஒழுங்காகப் பராமரிக்கப்படும் இன்வெர்ட்டரும் அதற்குப் போதும். பல கிளைகளுள்ள மத்திய வங்கி, பல ஊர்களில் கிடங்கு வைத்திருக்கும் விற்பனைச் சங்கம், பல விற்பனை நிலையங்கள் நடத்தும் நெசவாளர் நிறுவனம் ஆகியவற்றுக்கே இம்முறை பயன்தரும். அத்தகையோர் எந்தக் கம்பெனியின் பெட்டி என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள.

முதலாவது, இரண்டு தடங்கள் உண்மையிலேயே இரண்டுதானா? ஒப்பந்தத்தில் 99 சதவீதச் சேவை என்று எழுதியிருப்பார்கள். முப்பது நாள் மாதத்திற்கு 720 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 7 மணி 12 நிமிடம். ஏறத்தாழ ஒரு முழு வேலை நாள்! ஒன்றையொன்று சாராத இரண்டு தடங்கள் இருந்தால், இரண்டும் ஒரே வேளையில் விழும் நேரம் கணக்குப்படி மாதத்திற்கு நான்கு நிமிடத்திற்குச் சற்றே அதிகம். இந்தக் கணக்கைக் காட்டித்தான் விற்பனையாளர் நம்மை இணங்கச் செய்கிறார். ஆனால் இரண்டு கம்பெனிகளின் கம்பிகளும் ஒரே பாலத்தின் மீது சென்றால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

இது வெறும் கற்பனையன்று. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்ததை நம் மாவட்டத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 2இல் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலும் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. இருப்புப் பாதைக்கும் சாலைக்கும் ஒரே நாளில் இக்கதி நேருமாயின், அவற்றை ஒட்டிப் புதைக்கப்படும் கம்பிகள் தனித்தனியே பிழைத்திருக்கும் என நம்புவதற்கு இடமில்லை. ஆகவே ஒவ்வொரு தடமும் எச்சாலை வழியே வருகிறது, எந்த ஆற்றை எங்கே கடக்கிறது என்பதை வரைபடத்துடன் எழுத்தில் பெற வேண்டும். செல்பேசிக் கோபுரத்தை இரண்டாம் தடமாகக் கொண்டால், அக்கோபுரத்தைப் பின்னிருந்து இணைக்கும் கம்பி எது, மின்சாரம் போனால் அதன் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பவற்றையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கடிவாளம் யார் கையில்? இம்முறையில் விதிகளை எழுதும் கட்டுப்பாட்டு மென்பொருளே உயிர். அது பெரும்பாலும் ஆண்டு உரிமக் கட்டணத்தில் கிடைக்கிறது. உரிமம் காலாவதியானால் சில வகைப் பெட்டிகள் செயலற்றுவிடும்; வேறு சில பழைய விதிகளோடு ஓடும், ஆனால் மாற்றம் செய்ய இடந்தரா. எனவே முதலாண்டு விலையை மட்டும் ஒப்பிடுவது தவறு. பெட்டி, உரிமம், இணைப்பு வாடகை, பழுது பார்ப்பு எல்லாம் சேர்த்து ஐந்தாண்டுச் செலவைக் கணக்கிட வேண்டும். நிர்வாகக் கடவுச்சொற்கள் சங்கத்தின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் அமைப்பு விவரங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அவசியம்.

மூன்றாவது, காவல். சங்கேதத் தடம் வழியைக் காக்குமேயன்றி, இரு முனைகளிலும் உள்ள கணினிகளைக் காவாது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் எனும் நிறுவனம் பிணைப்பணம் கேட்கும் கணினித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் மென்பொருள் சேவை அளித்துவந்த நிறுவனம் அது. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் பாதுகாப்பின் பொருட்டு அதனைத் தற்காலிகமாகத் துண்டித்ததால், நாடெங்கும் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. முதலிய வசதிகளைப் பயன்படுத்த இயலாது போயினர். தம் வங்கியில் யாதொரு குறையும் இல்லாதிருந்தும் அவர்கள் இடருற்றனர். இத்தகைய தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவுக் குறிப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என 2022ஆம் ஆண்டு ஆணை விதிக்கிறது. அறிக்கை அனுப்புவது யார், குறிப்புகளைக் காப்பது யார் என்பதை ஒப்பந்தத்திலேயே பெயரிட்டு எழுத வேண்டும்.

நான்காவது, சோதனை. விற்பனையாளரின் குளிரூட்டிய அறையில் காட்டப்படும் காட்சி நமக்குப் போதாது. நகைக்கடன் நெருக்கடி மிகுந்த நாளில், நம் கிளையில், கவுன்ட்டரில் அங்கத்தினர் நிற்கும்போது முதல் தடத்தின் கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அரைகுறையாக நின்ற பதிவு தொடர்கிறதா, இருமுறை பதிவாகிறதா என்பதைக் கிளை எழுத்தரே கவனித்து எழுதட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மாதமேனும் ஓட்டிப் பார்த்த பின்பே முழுத்தொகையை வழங்குதல் நலம்.

இவ்வளவையும் தனித்தனிச் சங்கம் எவ்வாறு செய்யும் எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூட்டுறவின் வரலாற்றிலேயே உள்ளது. தனித்தனியே நூல் வாங்கித் தனித்தனியே துணி விற்று நலிந்த நெசவாளர் சங்கங்களுக்காகவே 1935ஆம் ஆண்டு கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. நூலுக்கு ஏற்ற நியதி வலையமைப்புக்கும் ஏற்றதே. மாவட்ட அளவில் ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரினால் விலையும் குறையும். நிபந்தனை விதிக்கும் வலிமையும் பெருகும். ஆயினும், சேர்ந்து வாங்குவதால் எல்லாரும் ஒரே கயிற்றில் தொங்கலாகாது என்பதே சி-எட்ஜ் நிகழ்ச்சி தரும் பாடம். விலை பேசுவதில் ஒன்றுபட வேண்டும். தடங்களில் வேறுபட வேண்டும். முழுத் தடையும் ஏற்படும் நாளுக்கென ரசீதுப் புத்தகமும், அதனைப் பின்னர்க் கணினியில் ஏற்றும் ஒழுங்கும் ஒவ்வொரு சங்கத்திலும் இருத்தல் வேண்டும்.

எந்தப் பெட்டி சிறந்தது என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். எந்த வேலை ஒருபோதும் நிற்கக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் அங்கத்தினர்களே. நிர்வாகக் குழுவினராயினும் தனி அலுவலராயினும், விலைப்புள்ளி கோருமுன் அப்பட்டியலைத் தயாரித்துப் பேரவையின் முன் வைப்பாராக. அங்கத்தினர்களும், வரும் பேரவைக் கூட்டத்தில் பங்காதாயத்தைப் பற்றிக் கேட்ட பின், “நம் சங்கத்தின் இரண்டாம் தடம் எந்த வழியாக வருகிறது?” என்று ஒருமுறை கேட்பார்களாக.