கடைக்காரர் காசு யாருக்குக் காசு?

1837 நெருக்கடியில் அமெரிக்க வியாபாரிகள் அடித்துவிட்ட செப்புக் காசு ஏழைகளைக் காப்பாற்றியதாம். நோட்டு முடங்கிய 2016 நவம்பரில் பழவேற்காட்டு மீன் வியாபாரிகளையும் அப்படிச் சொந்தக் காசாக வில்லை விட அனுமதித்திருந்தால் ஏரிக்கரைக் குப்பங்கள் தவித்திருக்காதாம். இப்படி வாதாடும் கட்டுரையாளருக்கு வரலாறும் தெரியவில்லை, ஏரிக்கரையும் தெரியவில்லை.

1837 மே 10 அன்று நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குப் பொன்னும் வெள்ளியும் தர மறுத்தன. மக்கள் நாணயங்களைப் பதுக்கினார்கள், சில்லறை வற்றியது. அப்போது புழங்கிய வில்லைகள் பலவற்றின் நடுவில் 'ஒரு சென்ட்' என்று பளிச்சென்று தெரியும். அதன் தலைமேல் 'அல்ல' என்று ஒரு சொல் இருக்கும், கள்ளநாணயச் சட்டத்துக்குத் தப்புவதற்காக. இதைச் சாமர்த்தியம் என்று மெச்சுகிறார் கட்டுரையாளர். சென்ட் அல்ல என்று விட்டவனே பொறித்துவைத்த செம்பைக் கூலியாக வாங்கியவன் யாரிடம் போய் நியாயம் கேட்பான்?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் இதன் விளைவு தெரிந்தது. லிண்டன்முல்லர் என்ற நியூயார்க் மதுக்கடைக்காரர் பத்து லட்சத்துக்கும் மேல் வில்லை விட்டார். தன்னிடம் கட்டணமாகச் சேர்ந்த வில்லைகளை மூன்றாம் அவென்யூ ரயில் கம்பெனி மாற்றித்தரக் கேட்டபோது கைவிரித்தார். அவ்வளவு பெரிய கம்பெனியாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை. 1864-இல் தனியார் காசையே அமெரிக்கா தடை செய்தது. அந்த ஆண்டு கட்டுரையில் எங்குமே இல்லை.

பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனி காசடிக்கவில்லையா என்கிறார். அந்த 'வியாபாரி'க்கு 1613 முதல் இங்கே கெல்டிரியா கோட்டை இருந்தது. பீரங்கி இருந்தது, வெடிமருந்து ஆலை இருந்தது. ஜப்பானியச் செம்பைக் கப்பலில் கொண்டுவந்து விற்றதும், இங்கே காசடித்ததும், இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றியதும் அதே கம்பெனிதான். இதையா நம் மீனவருக்கு முன்மாதிரியாகக் காட்டுவது?

இந்த ஏரிக்கரையில் வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் இறாலை அவரிடமே போட வேண்டும். விலை சொல்வதும் அவரே. கடன் கொடுப்பவர், விலை வைப்பவர் கையிலேயே காசடிக்கும் உரிமையையும் கொடுக்கச் சொல்வது கொடுமை. அந்த வில்லையைப் பொன்னேரி பஸ் கண்டக்டர் வாங்குவாரா? மருந்துக்கடையில் செல்லுமா? விட்டவரின் கடையில் மட்டுமே செல்லும், அதுவும் அவர் மனம் வைத்தால்.

2016-இல் நோட்டு முடங்கி மீனவர் பட்ட துன்பம் உண்மை. அந்த மாதிரி நாளில் அவர்களுக்குக் கைகொடுப்பது கூட்டுறவுச் சங்கக் கடனும் கரையில் நடக்கும் பொது ஏலமும்தான். நீண்ட கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை அவர்.