மழைக்கு முன்னே மரத்தைக் கவனிங்க!

2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே வீட்டு மரங்களைக் கவாத்து செய்துவிடுவது நல்லது. எதை, எப்போது வெட்டலாம்?

முருங்கை: எளிதில் முறியும் மரம். ஆண்டுக்கு ஒருமுறை, காய்ப்பு முடிந்ததும் 3 அடி உயரம் விட்டு வெட்டலாம்.

மா: ஆண்டுதோறும் அறுவடைக்குப் பிறகு, காய்ந்த, நெருக்கமான கிளைகளை நீக்கினால் போதும்.

வேம்பு: 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

தென்னை: காய்ந்த மட்டை, முற்றிய காய்களை மட்டும் இறக்குங்கள். பச்சை மட்டையை வெட்டினால் காய்ப்பு குறையும்.

புயலுக்குப் பயந்து மரத்தையே மொட்டையடிக்காதீர்கள். வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. பின்னாளில் காற்றடித்தால் அவைதான் முதலில் முறியும். முருங்கை தவிர மற்ற மரங்களில் ஒரே தடவையில் கால்பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

கிளை மின்கம்பியை உரசுகிறதா? அரிவாளை எடுக்காதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்!