மைனஸ் 40 டிகிரி காரும் 26 ஆயிரம் ரூபாய் எஸ்டிமேட்டும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

“சார், செக் இன்ஜின் லைட் எரியுது. சென்சார் போச்சு, ஈ.சி.எம். போச்சுன்னு ஷெட்ல சொல்றாங்க. வண்டியைத் தள்ளிவிட்டுடலாமா?” கடந்த 2 மாதத்தில் 4 பேர் இதே கேள்வியோடு போன் செய்துவிட்டார்கள். நால்வரில் மூவர் இன்ஜினியர்கள். அதில் ஒருவன் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன், என்னிடம் இயற்பியலில் 190-க்கு மேல் வாங்கியவன். “பானெட்டைத் திறந்து பார்த்தியாடா?” என்று கேட்டேன். “ஐயோ சார், இதெல்லாம் கம்ப்யூட்டர் வண்டி, கை வைக்கக் கூடாது” என்கிறான்.

கம்ப்யூட்டர் வண்டி! இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே 10, 12 வயதான நல்ல கார்களைக் காயலான் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நான் சொல்வது இதுதான். பழைய பெட்ரோல் காரில் பழுதான இன்ஜின் சென்சாரை வீட்டு வாசலிலேயே மாற்றலாம். அதைவிட முக்கியம், பழுது அந்த சென்சாரில்தானா என்று முதலில் சோதிப்பது. அதற்கும் வீட்டு வாசலே போதும். பல ஷெட்களில் இந்தச் சோதனையைத்தான் செய்வதில்லை.

சென்சார் என்றவுடன் ஏதோ ராக்கெட் சமாச்சாரம் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் பிளஸ் டூ புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கூலன்ட் வெப்பநிலையைப் பார்ப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற மின்தடை குறையும், அவ்வளவுதான். பல ஜப்பானிய வகைக் கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தீர்கள் என்று சொல்லும் த்ராட்டில் சென்சார், அந்தக் காலத்து ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரி ஒரு மாறும் தடை. கிராங்க் சென்சாரில் பல வண்டிகளில் இருப்பது காந்தமும் கம்பிச் சுருளும். பல்சக்கரம் முன்னால் ஓடும்போது மின்னழுத்தம் தூண்டப்படுகிறது, ஃபாரடே விதி. சைலன்சர் குழாயில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார் மட்டும் வேதியியல் ஆசிரியரின் பங்கு. அது நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வேலை செய்கிறது. 1976-லேயே போஷ் தயாரித்து வால்வோ காரில் வந்துவிட்ட பொருள் அது. அரை நூற்றாண்டு பழைய பொருளைப் பார்த்து 30 வயது இன்ஜினியர் பயப்படுகிறான்!

அடுத்து அந்த ‘கோட்’ விஷயம். மோசடி என்று சொல்ல மாட்டேன். சோம்பேறித்தனம் என்று சொல்வேன். ஸ்கேனரைச் செருகினால் பி0118 என்று வரும். உடனே “கூலன்ட் சென்சார் போச்சு” என்பார்கள். அந்தக் கோட் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தச் சுற்றில் மின்னழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. சென்சார் உள்ளே அறுந்திருந்தாலும் அதே கோட் வரும். வயரை எலி கடித்திருந்தாலும், கப்ளரில் பச்சை பூத்திருந்தாலும், யாரோ கப்ளரை மாட்ட மறந்திருந்தாலும் அதே கோட்தான். கோட் தெருவைக் காட்டும். வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

என் அக்கா மகளின் கதை குடும்பத்தில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். இரவு வேலை முடிந்து திரும்ப அந்த ஊரிலிருந்து பஸ் கிடையாது. 2014-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார்தான் அவளுக்குக் கால். ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது, காலையில் கறுப்பாகப் புகை, லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 11 கொடுக்கிறது. ஷெட்டில் ஸ்கேனர் போட்டு, கூலன்ட் சென்சார் ஒன்று மாற்றினார்களாம். கோட் போகவில்லை. “அப்படின்னா ஈ.சி.எம். போச்சு, 26 ஆயிரம் ஆகும். இந்த வண்டிக்கு அது தண்டம், 60 ஆயிரத்துக்கு நாங்களே எடுத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டார்கள். அவளும் கடனுக்கு வேறு வண்டி பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரவெல்லாம் ஆறிய இன்ஜினோடு, பார்த்தோம். ஸ்கேனர் காட்டிய கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி. எங்கே? சித்திரை மாதத்தில், விருதுநகர் மாவட்டத்தில்! (மைனஸ் 40-இல்தான் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகும் என்று ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் போட்டோமே, நினைவிருக்கிறதா?) சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கப்ளரைக் கழற்றச் சொன்னேன். சாவியை ஆன் செய்து, வயர் பக்கத்துக் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்தாள். 5 வோல்ட் வந்தது. பிறகு அதே கப்ளரின் இரண்டு ஓட்டைகளையும் ஒரு துண்டு வயரால் இணைக்கச் சொன்னேன். ஸ்கேனரில் மைனஸ் 40 ஒரே தாவலில் 100-க்கு மேலே போய் நின்றது.

அந்த ஒரு துண்டு வயர் என்ன நிரூபித்தது என்று யோசியுங்கள். ஈ.சி.எம். நலம், வயரிங் நலம். அறுந்தால் குளிர் என்றும் சேர்த்தால் சூடு என்றும் அது சரியாகப் படிக்கிறது. 26 ஆயிரம் ரூபாய் தீர்ப்பு 10 நிமிடத்தில் உடைந்தது. மிச்சம் இருப்பது சென்சார் ஒன்றுதான். ஷெட்டில் போட்ட அந்தப் ‘புது’ சென்சாரின் இரண்டு பின்னிலும் மீட்டரை வைத்தால் ஓ.எல். என்று காட்டியது. உள்ளே அறுந்த சரக்கு. டப்பாவில் புதிதாக வந்தது என்பதாலேயே ஒரு பொருள் நல்லது ஆகிவிடாது. இந்தப் பாடம் ஷெட்காரர்களுக்கும் தெரிய வேண்டும்.

நல்ல கம்பெனி சென்சார் 740 ரூபாய். கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினாள். மாற்றியதும் அவளேதான், நான் டார்ச் பிடித்தேன். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டு, பழையதைக் கழற்றும்போது ஒரு டம்ளர் கூலன்ட் போனது. புது வாஷர் போட்டு, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே முறுக்கி, கடைசியில்தான் ஸ்பேனர். அது அலுமினியத்தில் உட்காரும் மரை, பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கூலன்ட்டை நிரப்பி, காற்றுக் குமிழி போக ஐடிலில் ஓடவிட்டோம். ஃபேன் ஒருமுறை ஓடித் தானாக நின்றது. வண்டி இன்றும் ஓடுகிறது.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. யூடியூப் பார்த்துவிட்டு வரிசையாக சென்சார்களாக வாங்கி மாட்டுபவர்கள். என் பழைய மாணவன் ஒருவன் பி0171 கோடுக்கு இரண்டு முறை ஆக்சிஜன் சென்சார் மாற்றிவிட்டான். அந்தக் கோட் சொல்வது, கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று. கடைசியில் பார்த்தால் த்ராட்டிலுக்குப் பின்னால் ஒரு ரப்பர் ஹோஸில் வெடிப்பு, அதன் வழியே காற்று உள்ளே போகிறது. ஆக்சிஜன் சென்சார் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை மாற்றுவீர்களா?

ஷெட் வைத்திருக்கும் என் மாணவர்கள் 6 பேராவது இதைப் படிப்பீர்கள். உங்கள் தொழிலைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்கிறேன். ஒரு மணி நேரம் மீட்டர் வைத்துப் பார்த்து, “சென்சார் நல்லாருக்கு, வயர் மட்டும்தான்” என்று நீங்கள் சொன்னால், வண்டிக்காரர் என்ன கேட்கிறார்? “சும்மா பார்த்ததுக்கு 500 ரூபாயா?” அதே ஆள் 4,000 ரூபாய் சென்சாருக்குப் பேரம் பேசாமல் கொடுப்பார், கையில் டப்பா கிடைக்கிறதல்லவா. டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், மெக்கானிக்கின் மூளைக்குக் கொடுக்க மாட்டோம். பிறகு அவர் பொருளை விற்றுத்தானே சம்பாதிக்க முடியும்? உறவுகளே, நல்ல மெக்கானிக் சோதனைக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

பெரிய கம்பெனிகளை மட்டும் விட்டுவிடுவேனா? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றம். அவற்றை வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்யுங்கள் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. மேல்முறையீடு என்று அது இழுத்த கதை வேறு. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது. அதில் வாகனங்களும் சேர்த்தி. உரிமை என்று அரசாங்கமே சொல்கிறது. நாமோ பானெட்டைத் திறக்கவே அனுமதி கேட்கிறோம்.

எல்லாவற்றையும் வீட்டில் செய் என்று நான் சொல்லவில்லை. டீசல் காமன் ரெயிலின் அழுத்த சென்சாரைத் தொடாதீர்கள், அங்கே 1,500 பார் அழுத்தம் சாதாரணம். ஏர்பேக் வயர், ஹைப்ரிட் வண்டியின் ஆரஞ்சு நிற வயர், இவற்றின் பக்கமே போகாதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. நான் சொன்ன துண்டு வயர் சோதனை இரண்டு வயர் உள்ள வெப்பநிலை சென்சாருக்கு மட்டும்தான். மூன்று வயர் சென்சாரில் அதைச் செய்தால் 5 வோல்ட் சப்ளை நேரடியாக எர்த் ஆகிவிடும். ஆக்சிஜன் சென்சார் பக்கத்தில் சாதாரண சிலிக்கான் பசை பூசாதீர்கள், அந்த ஆவியே அதைக் கெடுத்துவிடும். இன்ஜின் சூடானதும் நின்று, ஆறினால் ஓடும் கிராங்க் சென்சார் கோளாறு இன்னொரு தலைவலி. ஆறிய நிலையில் மீட்டர் ‘நல்லாருக்கு’ என்றுதான் காட்டும். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

“இந்த வயசுல எதுக்கு மாமா கையில கிரீஸு?” என்று கேட்கும் மருமக்களுக்கு: கிரீஸ் சோப்பு போட்டால் போய்விடும். மாதத் தவணை 5 வருஷத்துக்குப் போகாது.

கேட்டவர்கள் நால்வரும் வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு வரலாம். மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது. ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். 2013-க்கு முந்தைய வண்டி என்றால் சாதாரண ஸ்கேனர் பேசாமலும் போகலாம், முன்கூட்டியே மாடலைச் சொல்லுங்கள். வெளியூர்க்காரர்கள் முதல் நாள் இரவே வண்டியைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்திவிடுங்கள். சூடான இன்ஜினோடு காலையில் வந்து நிற்பவர்களுக்கு மதியம் வரை காபி மட்டும்தான் கிடைக்கும்.