கேட்டுச் செய்வதும் கேட்காமல் செய்வதும்

ஒவ்வொரு செப்டம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபோல்சம் தெருத் திருவிழா நடக்கிறது. அங்கிருந்து நம் கைக்கு வந்து சேருவது எப்போதும் ஒரே மாதிரிப் படம்தான். வெற்று மார்பில் தோல் வார்கள் மாட்டிய ஓர் ஆண். அவன் கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் கழுத்துப்பட்டையோடு முழங்காலிட்டிருக்கும் இன்னொருவர். அந்த இன்னொருவர் பெண்ணாக இருந்துவிட்டால் போதும், நம் தோழிகள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: ஆணாதிக்கம் வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் ஆடுகிறது, இதற்கு விடுதலை என்று பெயர் வேறு.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அந்தத் திருவிழா எனக்கு முழுக்க இனிக்கிறது என்று சொல்ல வரவில்லை. கசப்பவையும் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். என் சண்டை வேறு. சாட்டையைப் பார்த்த கண்கள் அந்தச் சாட்டை நிற்கிற தெருவைப் பார்க்கவே இல்லை. அந்தத் தெருவில் யாரைக் கேட்காமல் யார் என்ன செய்தார்கள் என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே உள்ள அந்தப் பகுதி, கப்பலிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்ந்த கிழவர்கள் மலிவான ஓட்டல் அறைகளில் தனியாக வாழ்ந்த இடம். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த குடும்பங்களும் அங்கே வேர்விட்டிருந்தன. கிடங்குகளும் பட்டறைகளும் மாலையில் பூட்டிவிட்டால் தெருக்கள் வெறிச்சோடிவிடும். அந்த வெறுமை சிலருக்குப் பாதுகாப்பாக இருந்தது. 1960களில் லெதர் உடை அணியும் தன்பாலீர்ப்பு ஆண்களின் மதுக்கூடங்கள் அங்கே வரத் தொடங்கின. அவற்றில் ஒன்றான டூல் பாக்ஸின் சுவரோவியத்தை 1964இல் ‘லைஃப்’ பத்திரிகை பெரிதாகப் படம் போட்டு நாட்டுக்கே காட்டியது.

நகரத்தின் மறுசீரமைப்பு முகமைக்கு இந்த மனிதர்கள் யாரும் கண்ணில் படவில்லை. அல்லது நன்றாகவே பட்டார்கள். மாநாட்டு மையமும் ஓட்டல்களும் கட்டுவதற்காக ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் அறைகளிலிருந்து கிளப்பப்பட்டார்கள். அந்தக் கிழவர்கள் சும்மா போய்விடவில்லை. தொழிற்சங்கத்தில் ஊறியவர்கள். சங்கம் வைத்தார்கள், நீதிமன்றம் போனார்கள், குறைந்த வாடகையில் வீடு கட்டித்தரும் ஒப்பந்தத்தை 1970களில் வாங்கியே விட்டார்கள். டூல் பாக்ஸ் அதற்குள் இடிக்கப்பட்டுவிட்டது. மாஸ்கோனி மாநாட்டு மையம் 1981இல் திறந்தது. அதே ஆண்டில்தான் எய்ட்ஸின் முதல் நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். லெதர் மதுக்கூடங்களுக்கு வந்துபோன ஆண்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். 1984 அக்டோபரில் நகரச் சுகாதாரத் துறை அவர்களுடைய குளியல் விடுதிகளை மூட உத்தரவிட்டது.

அந்த உத்தரவுக்குச் சில நாட்களுக்கு முன்னால், 1984 செப்டம்பர் 23 அன்று, ஃபோல்சம் தெருவில் முதல் திருவிழா நடந்தது. ‘மெகாஹுட்’ என்று பெயர். நடத்தியவர்கள் கேத்லீன் கானெல் என்ற பெண்ணும் மைக்கேல் வலேரியோவும். இருவரும் அந்தப் பகுதியில் குடியிருப்போருக்காக வேலை செய்துவந்தவர்கள். பத்தாண்டுகளுக்கு முன் ஹார்வி மில்க் காஸ்ட்ரோ தெருவில் தொடங்கியிருந்த திருவிழா அவர்கள் கண்முன் இருந்தது. நோக்கம் எளிமையானது: இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள், இது காலி மனை கிடையாது என்று நகரத்துக்குக் காட்ட வேண்டும். கூடவே கொஞ்சம் காசும் திரட்ட வேண்டும். லெதர்காரர்கள் அந்தப் பகுதியின் மக்களில் ஒரு பகுதியாக அதில் கலந்துகொண்டார்கள். திருவிழா அவர்கள் பெயரால் அறியப்பட்டது பிறகு நடந்தது.

எத்தனை தோழிகளுக்குத் தெரியும், இதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் வாடகைக்காரர்களுக்காகப் போராடிய பெண் என்று? தெரியாததற்கு அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. திருவிழாவைக் கொண்டாடுகிற ஆண்களே இதைச் சொல்வதில்லை. தசைகளைப் படம் எடுத்துப் போடுவதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

பெண்கள் அங்கே விருந்தாளிகளாகவும் இருந்ததில்லை. 1974இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘சொசைட்டி ஆஃப் ஜேனஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் சிந்தியா ஸ்லேட்டர். ஆண்களுக்கென்றே இருந்த இரகசிய விடுதியின் கதவைத் தட்டிப் பெண்களுக்கும் திறக்க வைத்தவர். எய்ட்ஸ் வந்தபோது, அது ஆண்களின் நோய் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, பெண்களுக்கான தகவல் தொலைபேசிச் சேவைக்கு ஏற்பாடு செய்தவர். 1989இல் எய்ட்ஸில் இறந்தார். 1978இல் ‘சமோய்ஸ்’ என்ற லெஸ்பியன் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர் மானுடவியலாளர் கேல் ரூபின். இவர்தான் பின்னால் அதே தெருக்களின் லெதர் வரலாற்றை முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். எல்லோரும் தங்களைப் பெண்ணியவாதிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள்.

அவர்களுக்கு இன்னொரு தரப்புப் பெண்ணியம் என்ன பதில் சொன்னது? 1982 ஏப்ரலில் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் பாலியல் பற்றி ஒரு மாநாடு நடந்தது. வாசலில் பெண்களே பெண்களுக்கு எதிராக மறியல் செய்தார்கள். மார்பில் ‘பெண்ணியப் பாலியலுக்காக’ என்றும் முதுகில் ‘எஸ்.எம்.முக்கு எதிராக’ என்றும் அச்சிட்ட பனியன்கள். அழைக்கப்பட்டவர்கள் சிலரின் படுக்கை விவரம் துண்டறிக்கையில் ஏறியது. கல்லூரி நிர்வாகம் மாநாட்டின் கையேட்டைப் பறிமுதல் செய்தது. பெண்ணுடல் மீது யாருக்கும் அதிகாரம் இல்லை என்று சொன்ன இயக்கம், இன்னொரு பெண் எதை விரும்பலாம் என்பதற்கு வாசலில் நின்று பரிசோதனை நடத்தியது. அந்தப் பரிசோதனை இன்னும் முடியவில்லை. நம் ஊர்க் கூட்டங்களிலும் அது நடக்கிறது, பனியன் இல்லாமல்.

அவர்களின் வாதத்தைச் சுருக்காமல் சொல்கிறேன். ஆளுதலும் அடங்குதலும் ஆணாதிக்கத்தின் இலக்கணம், அந்த இலக்கணத்தை உடலின்பமாக்கினால் அது இன்னும் ஆழமாகப் பதியும், பெண் தரும் ஒப்புதல் அவளுக்கு ஊட்டப்பட்டது என்பது அவர்கள் வாதம். கடைசிப் பகுதி எனக்கும் உறைக்கிறது. ஆனால் ஒப்புதல் ஊட்டப்பட்டது என்று சந்தேகிப்பதானால் எங்கே தொடங்க வேண்டும்? இரண்டு பேர் உட்கார்ந்து, இது வரை சரி, இதற்கு மேல் வேண்டாம், இந்தச் சொல்லைச் சொன்னால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று பேசிக்கொள்ளும் இடத்திலா? அப்படி ஒரு பேச்சே நடக்காத கோடிக்கணக்கான படுக்கையறைகளிலா? நிறுத்தச் சொல்வதற்கு ஒரு சொல்லை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் திருமணச் சடங்குகளில் எதில் இருக்கிறது என்று யாராவது எனக்குக் காட்டட்டும்.

அந்தத் தெருவில் உடை ஒப்புதல் ஆகாது. அரை நிர்வாணமாக நிற்பவரையும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், கேட்டுவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். திருவிழா நடத்துபவர்களே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விதி எப்போதும் காக்கப்படுகிறது என்று நான் சான்றிதழ் தரவில்லை. லட்சக்கணக்கானவர்கள் குடித்துவிட்டுக் கூடும் இடம் அது, மீறுபவர்கள் இருப்பார்கள். ஆனாலும் மீறல் அங்கே மீறல் என்று பெயர் பெறுகிறது. “அப்படி உடுத்தினால் வேறென்ன நடக்கும்” என்ற வாக்கியத்துக்கு அங்கே இடமில்லை. இந்த ஒன்றுக்காக நாம் எத்தனை வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறோம்!

சட்டங்கள் இந்த ஒப்புதலை எப்படிப் பார்க்கின்றன என்பதைப் பார்த்தால் யார் யாருக்குக் காவலாக நிற்கிறார்கள் என்பது தெரியும். இங்கிலாந்தின் இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். தங்களுக்குள் ஒப்புதலோடு வலி தந்துகொண்ட ஆண்கள் சிலர், காவல்துறை கையில் சிக்கிய ஒரு காணொளி நாடாவால் பிடிபட்டார்கள். அவர்களில் யாரும் புகார் தரவில்லை. யாருக்கும் மருத்துவம் தேவைப்படவில்லை. 1993இல் பிரபுக்கள் அவை, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், அவர்களின் ஒப்புதல் செல்லாது என்று தண்டனையை உறுதிசெய்தது. மூன்றே வருடம் கழித்து இன்னொரு வழக்கு. கணவன் சூடுகாட்டிய கத்தியால் மனைவியின் பின்புறத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்திருந்தான். மனைவிதான் அதை விரும்பிக் கேட்டிருந்தாள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவனை விடுவித்தது. கணவன் மனைவிக்கிடையே வீட்டுக்குள் ஒப்புதலோடு நடப்பது குற்றவியல் சட்டத்தின் வேலை கிடையாது என்றது.

அந்த மனைவியின் விருப்பத்தை நான் கேள்வி கேட்க மாட்டேன். கேட்டால் பர்னார்ட் வாசலில் நின்றவர்களோடு நானும் நின்றவளாவேன். ஆனால் கணவனின் பெயரெழுத்து மனைவியின் உடலில் தீயால் பொறிக்கப்பட்டால் அது தாம்பத்தியம், தாலி கட்டாதவர்கள் செய்தால் அது வன்முறை என்கிற கணக்கை மட்டும் பாருங்கள். ஒப்புதலின் எடை எதை வைத்து மாறியது?

ஃபோல்சம் தெரு இருக்கிற கலிஃபோர்னியாவுக்கே வருவோம். அங்கே மனைவியை வன்புணர்வது 1979இல்தான் குற்றமாயிற்று. அப்போதும் தனிப் பிரிவில், தனி அளவுகோலில் வைத்தார்கள். அந்தத் தனிப் பிரிவை நீக்கும் சட்டம் 2021இல்தான் வந்தது. அதாவது சாட்டையோடு ஆடுகிறவர்களைப் பார்த்து ‘பெண்கள் மீதான வன்முறை’ என்று கூவப்பட்ட நாற்பது ஆண்டுகள் முழுக்க, அந்த மாநிலச் சட்டம் மனைவிக்கு வேறு தராசு வைத்திருந்தது. நம் நாட்டில் அந்தத் தராசுகூடக் கிடையாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் கணவன் செய்வது வன்புணர்ச்சி ஆகாது என்று பழைய விதிவிலக்கைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

எனக்குக் கசப்பவை என்று சொன்னேன். ஆலிஸ் வாக்கர் 1980களின் தொடக்கத்தில் ஒரு கதை எழுதினார். அடிமைப் பெண்களின் நிலையிலிருந்து தங்களை எழுதிப் பார்க்கும்படி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை. தொலைக்காட்சியில் ஒரு வெள்ளைப் பெண் எஜமானியாகவும் கறுப்புப் பெண் அடிமையாகவும் வந்து, இது எங்கள் விருப்பம் என்கிறார்கள். அவள் கற்பித்ததெல்லாம் ஒரே மாலையில் நொறுங்குகிறது. இந்தக் கதைக்குத் திருவிழாவின் ஆதரவாளர்களிடம் சரியான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ‘எஜமான்’, ‘அடிமை’ என்ற சொற்களை மாலையில் கழற்றி மாட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அவை விளையாட்டுச் சாமான்கள். கழற்ற முடியாதவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார்கள். லெதர் என்ற சொல்லும் அப்படித்தான். போர் முடிந்து திரும்பிய அமெரிக்க ஆண்களின் மோட்டார் சைக்கிள் சங்கங்களிலிருந்து அது வீரத்தின் வாசனையோடு வந்தது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுகிறவர்களின் கைவாசனைக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் தூக்கத்திலேயே செத்தார்கள். தோலின் கவர்ச்சி யாருக்கு வாய்க்கிறது என்பதைப் பேசாத பாலியல் அரசியல் எனக்குப் போதாது.

வழிப்போக்கர்களின் ஒப்புதலைக் கேட்டார்களா என்றும் ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. அந்தத் தெருவில் குழந்தைகளோடு வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. தெருவை மூட நகரத்தில் மனுப் போட வேண்டும், பொது விசாரணை உண்டு, ஆட்சேபிப்பவர்கள் வந்து பேசலாம். பொது இடத்தில் நிர்வாணத்தை நகரம் 2012இல் தடைசெய்தபோது, அனுமதி பெற்ற திருவிழாக்களுக்கு மட்டும் விலக்கு வைத்தது. வருடத்தில் ஒரு நாள், சில தெருக்கள், முன்னறிவிப்போடு. மாநாட்டு மையத்துக்காக அறைகளைக் காலி செய்தபோது இந்த அளவுக்குக்கூட யாரும் யாரையும் கேட்கவில்லை.

2007இல் கிறிஸ்துவின் கடைசி இராவுணவைப் போல லெதர் உடைக்காரர்களை அமர வைத்துத் திருவிழாவுக்குச் சுவரொட்டி போட்டார்கள். கத்தோலிக்க அமைப்பொன்று கொதித்தது. விளம்பரதாரரான மில்லர் பீர் நிறுவனம் தன் சின்னத்தை அதிலிருந்து எடுத்துவிடச் சொன்னது. பெரிய சண்டை. வாடகைக்காரர்கள் தொடங்கிய திருவிழாவில் பீர் நிறுவனத்துக்கு என்ன வேலை என்று அப்போது உரக்கக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று தேடிப்பாருங்கள்.

இன்று அந்தப் பகுதியில் மென்பொருள் நிறுவனங்களும் கண்ணாடி அடுக்குமாடிகளும் நிற்கின்றன. 2016இல் பிலிப்பைன்ஸ் மக்களின் பண்பாட்டு வட்டாரம் என்றும் 2018இல் லெதர் பண்பாட்டு வட்டாரம் என்றும் நகரம் அதற்குப் பட்டங்கள் கொடுத்தது. 2017இல் ரிங்கோல்ட் சந்தில், புதிதாக எழுந்த ஓர் அடுக்குமாடித் திட்டத்தோடு சேர்த்து, இறந்துபோன லெதர்காரர்களின் நினைவாக வெண்கலக் காலணித் தடங்களைப் பதித்தார்கள். கானெலும் வலேரியோவும் எதைத் தடுக்கத் தெருவை மூடினார்களோ அது நடந்து முடிந்து, நினைவுச் சின்னமும் வைத்தாயிற்று. அங்கே வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறுகிறவர்களில் கிழவிகள் உண்டு, தனித்த தாய்மார் உண்டு, திருநங்கைகள் உண்டு. அவர்கள் யாரும் ஒப்புதல் தரவில்லை. மறியல் செய்யக் கால் துறுதுறுக்கும் தோழிகளுக்கு ஒரு தகவல்: அந்த நகரத்தின் திட்டக் குழு வியாழக்கிழமைகளில் நகர மன்றத்தில் கூடுகிறது. பொதுமக்கள் எழுந்து பேச நேரம் ஒதுக்குகிறார்கள்.