சுவாமிகள் கற்பிக்கும் பாடம்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படுபவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், 40க்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய சிறுவர் நாடகக் குழுவில் பயின்றவரே அவ்வை டி. கே. சண்முகம்.

மேடையில் வேடம் புனைந்தவர் துறவு பூண்டது ஏன்? பல கதைகள் வழங்குகின்றன. உண்மை அவரோடு மறைந்தது. 'வள்ளி திருமணம்' இன்றும் திருவிழா மேடைகளில் வாழ்கிறது. ஆயினும், அச்சேறாத நாடகங்கள் பல நமக்குக் கிட்டவில்லை.

உம்பாய் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் ஆடிய கூத்துகளும் ஏட்டில் ஏறாவிடில் அவ்வாறே மறையும் என நாம் அஞ்சுகிறோம். மாணவச் செல்வங்களே, தாத்தா பாட்டியரிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். பெற்றோரே, நினைவிலுள்ள பாட்டையும் வசனத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எழுதியதே நிற்கும்!