காதலை எழுதிய ஃபகீஹ்



"காதலைப் பற்றி எழுதுவது ஆலிமுக்கு அழகா?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவர் இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்கள்.

994ஆம் ஆண்டு அந்தலுஸின் குர்துபாவில் பிறந்தவர். அமைச்சர் ஒருவரின் மகன். சிறுவயதில் வீட்டுப் பெண்களிடையே வளர்ந்து, குர்ஆனையும் கவிதையையும் கையெழுத்தையும் அப்பெண்களிடமே கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். இளமையில் தாம் நேசித்த பெண்ணை மரணத்திடம் இழந்தார். உள்நாட்டுப் போரில் குடும்பத்தின் செல்வாக்கு சரிந்தது. தந்தை மறைந்தார். 1013இல் குர்துபாவை விட்டு வெளியேறிய அவர், சிறையையும் கண்டார். பின்னர் ஷாத்திபாவில் தங்கியிருந்தபோது நண்பர் ஒருவர் வேண்டிக்கொண்டதற்கிணங்க எழுதியதுதான் 'தவ்குல் ஹமாமா' என்னும் நூல்.

முப்பது அத்தியாயங்கள். பழங்கால பாலைவனக் காதலர்களின் கதைகளை ஒதுக்கிவிட்டு, தாம் கண்டவற்றையும் நம்பகமானோர் சொன்னவற்றையுமே எடுத்துக்கொண்டார். பிறர் மானம் காக்கப் பல பெயர்களை மறைத்தார். காதலை மார்க்கம் வெறுக்கவில்லை, உள்ளங்கள் அல்லாஹ்வின் கைவசம் உள்ளன என்பதே அவருடைய தொடக்கம். இறுதி இரு அத்தியாயங்களோ, பாவத்தின் இழிவையும் கற்பொழுக்கத்தின் சிறப்பையும் பேசுகின்றன. தம்மைக் குறை கூறுவோர் எழுவார்கள் என்பதையும் அவர் அறிந்தே இருந்தார். 'அல்முஹல்லா' என்னும் பெரும் ஃபிக்ஹ் நூலைத் தந்ததும் இதே கரம்தான். காதலை எழுதியதால் அவருடைய இல்ம் குறைந்துவிட்டதா?

"இதையெல்லாம் பேசினால் ஃபித்னாவின் வாசல் திறக்கும்" என்பது அடுத்த வாதம். அந்த வாசல் ஏற்கெனவே நம் பிள்ளைகளின் கைப்பேசியில் திறந்து கிடக்கிறது. நாம் வாய்மூடி இருப்பதால் அது மூடப்படவில்லை. அங்கே பாடம் நடத்தும் உஸ்தாத் மட்டும் மாறிவிட்டார். சினிமா காதலைக் கற்பிக்கிறது, வரம்பைக் கற்பிப்பதில்லை. நாமோ வரம்பை மட்டும் சொல்லி, அது எதற்கான வரம்பு என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். இப்னு ஹஸ்ம் இரண்டையும் ஒரே நூலில் வைத்தார். உள்ளத்தின் நிலையை அறிந்தவர் சொல்லும் எச்சரிக்கையைத்தான் உள்ளம் ஏற்கும்.

இது இமாம்களின் புதுமையும் அன்று. மனிதர்களில் தமக்கு மிகவும் பிரியமானவர் யார் என்று கேட்கப்பட்டபோது, ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரைத் தயக்கமின்றிச் சொன்னார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். விடுதலை பெற்ற பரீரா (ரலி) தம் கணவர் முகீஸை விட்டுப் பிரிந்தபோது, முகீஸ் (ரலி) தாடி நனைய அழுதபடி மதீனாவின் வீதிகளில் அவர் பின்னே அலைந்தார். நபியவர்கள் அந்தக் கண்ணீரை ஏளனம் செய்யவில்லை; அவருக்காகப் பரீராவிடம் பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். கட்டளையல்ல, பரிந்துரையே என்றார்கள். பரீரா மறுத்தார். அம்மறுப்பும் மதிக்கப்பட்டது. புகாரியில் பதிவான செய்தி இது.

ஓர் ஆணின் காதலுக்கு இரக்கம், ஒரு பெண்ணின் மறுப்புக்கு மதிப்பு. இவ்விரண்டில் எது இன்று நம் வீடுகளில் இருக்கிறது? மகள் யாரையோ விரும்புகிறாள் என்று தெரிந்ததும் அவசரமாக ஒரு நிகாஹை முடித்து, அவள் அழுகையை வெட்கம் என்றும் மௌனத்தைச் சம்மதம் என்றும் எழுதிக்கொள்கிறோம். மண்டபத்தையும் பிரியாணியையும் பற்றி மாதக்கணக்கில் பேசும் நாம், கோபத்தில் எப்படிப் பேசுவது, பிணக்கை எப்படித் தீர்ப்பது என்று மணமக்களுக்கு ஒரு மணி நேரம் சொல்வதில்லை. பிறகு விவகாரம் ஜமாஅத்துக்கு வரும்போது தலாக்கின் சட்டம் மட்டும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

பெற்றோர்களே, ஆலிம்களே! கணவன் மனைவியரிடையே அன்பையும் கருணையையும் ஏற்படுத்தியதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சூரத்துர் ரூமில் கூறுகிறான். அவனுடைய அத்தாட்சியைப் பேச நாம் ஏன் கூச வேண்டும்? மிம்பரில் பேசுங்கள், மத்ரஸாவில் வயதுக்கேற்பக் கற்பியுங்கள், எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நாம் சொல்லாமல் விட்டதை, நம் பிள்ளைகளுக்கு நலம் நாடாதவன் சொல்லிக்கொடுப்பான்.

நம் இல்லங்களில் அல்லாஹ் அன்பையும் கருணையையும் நிலைக்கச் செய்வானாக, ஆமீன்.