ஒரே வீடு, மூன்று மாவட்டம்

குருவிகுளம் ஒன்றியத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கும் இளையரசனேந்தல் குறுவட்டத்து மக்களிடம் எந்த மாவட்டம் என்று கேட்டால், எந்த வேலைக்கு என்று அவர்கள் திருப்பிக் கேட்பது நியாயம்தான். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இந்தக் குறுவட்டம் 2008இல் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. மாறியது வருவாய் நிர்வாகம் மட்டும். குறுவட்டத்தின் 12 ஊராட்சிகளும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விடப்பட்டன. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது ஒன்றியம் அந்தப் பக்கம் போயிற்று. பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் கோவில்பட்டி. வீட்டு வரிக்கும் நூறு நாள் வேலைக்கும் குருவிகுளம். முழுதாகக் கோவில்பட்டியோடு சேர்த்துவிடுங்கள் என்று அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள்.

இந்தப் பகுதியில் ஒரு வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 2008க்கு முன் வாங்கிய அப்பாவின் சாதிச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம். மகளுடையதில் தூத்துக்குடி. அம்மாவின் நூறு நாள் வேலைப் பதிவில் தென்காசி. வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

இதே காலத்தில்தான் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் வேகமாகக் கணினிமயமாயின. 2007இல் மின் ஆளுமை முகமை வந்தது. 2017இல் ஸ்மார்ட் ரேஷன் அட்டை, 2018இல் பத்திரப்பதிவுக்கு ஸ்டார் 2.0 என்று வரிசையாக வந்தன. ஒரு வருமானச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நாலைந்து நடை நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் போதும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கணினியிலேயே நகர்ந்து, டிஜிட்டல் கையொப்பத்தோடு திரும்புகிறது. மானாவாரி வேலையை நம்பி வாழும் கரிசல்காட்டுக் குடும்பத்துக்கு மிச்சமாகும் ஒரு நாள் கூலி சின்ன விஷயம் அல்ல.

ஆனால், அந்த மையத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கவனிக்க வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார், அப்பாவின் சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். மூன்றும் அரசு கொடுத்தவை. அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலைப் படமாக்கி அரசுக்கே அனுப்புவதற்குக் குடிமகன் காசு கொடுக்கிறார். வருவாய்த் துறையின் பக்கம் மாவட்டம், வட்டம், கிராமம் என்று கேட்கும். ஊரக வளர்ச்சித் துறையின் பக்கம் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று கேட்கும். காகிதக் காலத்தில் துறைகளுக்கு நடுவில் இருந்த சுவர் கணினிக்குள்ளும் அப்படியே எழும்பியிருக்கிறது. இளையரசனேந்தல்காரர்கள் அந்தச் சுவரில் தினமும் முட்டிக்கொள்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் எப்போதாவது.

சுவரைத் தகர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. உட்பிரிவு தேவைப்படாத நிலத்தை வாங்கும்போது, விற்பவர் பெயரிலேயே பட்டா இருந்தால், பத்திரம் பதிவானதும் பட்டா தானாக மாறும் வசதி வந்திருக்கிறது. பதிவுத் துறையின் கணினியும் வருவாய்த் துறையின் 'தமிழ்நிலம்' தரவும் பேசிக்கொண்டதன் பலன் அது. மாதக்கணக்கில் அலைந்த வேலை, கையூட்டுக்கு வாய்ப்பளித்த வேலை, அலைச்சலே இல்லாமல் முடிகிறது. என்னைக் கேட்டால், எத்தனையோ கைபேசிச் செயலிகளைவிட இந்த ஒரு இணைப்பு பெரிய சாதனை. உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் வந்து அளந்தாக வேண்டும். அங்கே கணினி ஆளுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இணைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. பிரதமரின் விவசாயி உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய். கொரோனா காலத்தில் பதிவு நடைமுறையைத் தளர்த்தியபோது, அலுவலகக் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போயின. தமிழ்நாட்டில் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் பறிபோனது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற பதிவேடு அரசின் இன்னொரு கணினியில் இருந்தது. பணம் போகும் முன் அதோடு ஒப்பிட்டிருந்தால் நிலமே இல்லாதவர் விவசாயியாகியிருக்க முடியாது.

எஸ்டோனியா என்ற சின்ன நாடு 2001லேயே அரசுத் தரவுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் 'எக்ஸ்-ரோடு' அமைப்பைத் தொடங்கிவிட்டது. ஒரு தகவலை ஒருமுறைதான் குடிமகனிடம் கேட்க வேண்டும் என்பது அங்கே கொள்கை. அந்நாட்டின் மக்கள்தொகை நம் ஒரு பெரிய மாவட்டத்தை எட்டாது, ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அளவு வேறுதான். இருந்தாலும், ஒரு வட்டாட்சியர் அலுவலகம் தான் கொடுத்த சான்றிதழைத் தானே பார்த்துக்கொள்வதற்கு நாட்டின் அளவு தடையில்லை. அப்படி இணைக்கும்போது, ஒரு அலுவலர் யாருடைய பதிவை, எதற்காகத் திறந்தார் என்பதும் பதிவாக வேண்டும். அந்தக் காவல் இல்லாமல் தரவுகளைச் சேர்ப்பது ஆபத்து.

நாட்டின் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊராட்சிக்கும் ஒன்றிய அரசின் உள்ளாட்சி அடைவில் தனி எண் இருக்கிறது. எல்லாத் துறைகளும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால், எல்லைக்கோடு எங்கே நகர்ந்தாலும் மக்கள் ஓட வேண்டியிருக்காது. இத்தனை நாளுக்குள் சேவை கிடைத்தாக வேண்டும், தவறினால் அலுவலர் பொறுப்பு என்று சொல்லும் சேவை உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010இலேயே கொண்டுவந்தது, கேரளம் 2012இல். தமிழ்நாடும் அதைக் கொண்டுவர வேண்டும். அதற்குக்கூடக் காத்திருக்காமல் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: அரசு வழங்கிய எந்தச் சான்றின் நகலையும் அரசு அலுவலகம் மக்களிடம் கேட்கக் கூடாது என்று ஓர் அரசாணை. இளையரசனேந்தல் குறுவட்டத்தில் அதை முதலில் நடைமுறைப்படுத்துங்கள்.